மந்தநிலையிலும் புதிதாகச் சிந்திப்பது: தொழில் நடத்துவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

விற்பனை சரிந்து, கடன் கிடைப்பது கடினமாகி, அடுத்த ஆண்டைப் பற்றி எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாத காலத்தில், ஒரு நிறுவனத்துக்குள் புதிய யோசனைகளை எப்படித் தொடர்ந்து வளர்ப்பது என்று உரிமையாளர்களும் மேலாளர்களும் பணியாளர்களும் கேட்கிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்ப எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே விடை தர முயன்றிருக்கிறேன். எல்லா விடைகளுக்கும் அடியில் ஒரு கருத்து இருக்கிறது. மந்தநிலையில் புத்தாக்கத்தை முடக்குவதில் பணப் பற்றாக்குறையைவிட அச்சத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த அச்சத்தைக் குறைக்கும் பொறுப்பு முதலில் தலைமையில் இருப்பவர்களுடையது.

நிறுவனம் பிழைக்குமா என்பதே தெரியாதபோது புத்தாக்கத்தைப் பற்றிப் பேசுவது பொருத்தமா?

பொருத்தம்தான், ஆனால் வரிசை முக்கியம். கையிலுள்ள ரொக்கம் எத்தனை மாதம் தாங்கும் என்று தெரியாத நிறுவனம் முதலில் அந்தக் கணக்கைப் போட வேண்டும். வர வேண்டிய பாக்கியை வசூலிப்பது, தேங்கிக் கிடக்கும் சரக்கைப் பணமாக்குவது, கடன் தவணைகளை வங்கியோடு பேசி மாற்றியமைப்பது ஆகியவற்றில் கை வைத்த பிறகுதான் புதிய முயற்சிகளுக்கு எவ்வளவு ஒதுக்கலாம் என்பதை நேர்மையாகப் பேச முடியும்.

அதே நேரத்தில், பிழைத்தால் போதும் என்று எல்லாவற்றையும் வெட்டிக்கொண்டே போவதும் ஆபத்தானது. ரஞ்சய் குலாட்டி, நிதின் நோரியா, ஃபிரான்ஸ் வோல்கெட்சோகன் ஆகிய மூன்று ஆய்வாளர்கள், 1980-82, 1990-91, 2000-02 ஆகிய மூன்று மந்தநிலைகளைச் சந்தித்த 4,700 பங்குச் சந்தை நிறுவனங்களை ஆராய்ந்து 2010-இல் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். அவற்றில் 17 சதவீதம் திவாலாகியோ பிறர் கைக்குப் போயோ சந்தையிலிருந்து விலகியோ மறைந்தன. முன்பைவிட வலுவாக எழுந்து, போட்டியாளர்களை விற்பனையிலும் லாபத்திலும் குறைந்தது 10 சதவீதம் முந்தியவை சுமார் 9 சதவீதம் மட்டுமே. மற்றவர்களைவிட வேகமாகவும் ஆழமாகவும் செலவை வெட்டிய நிறுவனங்கள் மந்தநிலைக்குப் பின் முன்னேறிச் செல்லும் வாய்ப்பு 21 சதவீதமாகவும், முதலீட்டை மட்டும் துணிந்து பெருக்கியவற்றின் வாய்ப்பு 26 சதவீதமாகவும் இருந்தது. வேலை முறையிலுள்ள வீணைக் களைந்து செலவை மிச்சப்படுத்திக்கொண்டே ஆராய்ச்சியிலும் சந்தைப்படுத்தலிலும் சொத்துகளிலும் முதலீடு செய்தவற்றுக்கு அது 37 சதவீதமாக இருந்தது. அதுவும் பாதிக்குக் கீழ்தான் என்பதை மறக்கக் கூடாது. உறுதியளிக்கும் வழி எதுவும் இல்லை. இருப்பவற்றுள் நல்ல வழி, சிக்கனத்தையும் புதுமுயற்சியையும் ஒரே கையில் பிடித்துக்கொள்வது.

நெருக்கடி வந்தால் புதுமை தானாகவே பிறக்கும் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. பழைய தொழில்கள் சரியும்போது அவற்றில் முடங்கிக் கிடந்த ஆட்களும் மூலதனமும் விடுபட்டுப் புதிய தொழில்களுக்குப் போகின்றன என்ற கருத்தைப் பொருளியலாளர் ஜோசப் ஷும்பீட்டர் 1942-இல் 'படைப்பாக்க அழிவு' என்ற பெயரில் விரிவாக எழுதினார். 1930-களின் பெருமந்தத்தில் அமெரிக்காவின் டியூபான்ட் நிறுவனம் 1930-இல் நியோபிரீன் என்ற செயற்கை ரப்பரையும் 1935-இல் நைலானையும் உருவாக்கியது போன்ற நிகழ்வுகள் இந்தக் கருத்துக்கு வலுச் சேர்க்கின்றன.

ஆனால் நிறுவனங்களின் ஆராய்ச்சிச் செலவை மொத்தமாகப் பார்த்தால், அது பொதுவாக வளர்ச்சிக் காலத்தில் ஏறி மந்தநிலையில் இறங்குகிறது. ஏன் என்பதற்குப் பொருளியலாளர் ஃபிலிப் அகியோனும் அவருடைய சகாக்களும் பிரெஞ்சு நிறுவனங்களை வைத்து நடத்திய ஆய்வு தெளிவான விடை தருகிறது. கடன் தடையின்றிக் கிடைத்த நிறுவனங்களில் ஆராய்ச்சிக்குப் போகும் முதலீட்டின் பங்கு மந்தநிலையில் உயர்ந்தது. கடன் கிடைக்காமல் திண்டாடியவற்றில் அது குறைந்தது. ஆக, மந்தநிலை புதுமைக்கான காரணத்தைத் தருகிறது, ஆனால் அதற்கான வசதியைப் பறித்துவிடுகிறது. வென்ற நிறுவனங்களின் கதைகளை மட்டும் படிப்பவர்களுக்கு இந்த இரண்டாம் பாதி கண்ணில் படுவதில்லை. அதே துணிச்சலைக் காட்டி மூழ்கிய நிறுவனங்களைப் பற்றி யாரும் எழுதி வைக்கவில்லை.

எந்தச் செலவைக் குறைக்கலாம், எதைத் தொடக் கூடாது?

எல்லாத் துறைகளுக்கும் ஒரே சதவீதத்தில் வெட்டு என்பது நியாயமாகத் தோன்றும். உண்மையில் அது முடிவெடுக்கும் பொறுப்பிலிருந்து நழுவுவதாகும். அப்படி வெட்டும்போது, பத்து ஆண்டுகளாக யாரும் கேட்டுப் பார்க்காத அறிக்கையைத் தயாரிக்கும் பிரிவும், அடுத்த ஆண்டின் வருவாயை உருவாக்கும் பிரிவும் ஒரே அளவில் இளைக்கின்றன. விற்பனையாகாத வகைகள், ஒரே வேலையை இரண்டு இடத்தில் செய்வது, தேவைக்கு மேற்பட்ட சரக்கு இருப்பு, பழக்கத்தால் தொடரும் ஒப்பந்தங்கள், யாரும் முழுதாகப் படிக்காத ஒப்புதல் படிகள் ஆகியவற்றில் முதலில் தேட வேண்டும். இந்தத் தேடலை அந்த வேலையைத் தினமும் செய்பவர்களே சிறப்பாகச் செய்வார்கள், அவர்கள் கண்டுபிடித்த மிச்சம் அவர்களுடைய வேலைக்கே உலை வைக்காது என்ற உறுதி இருக்கும்வரை.

தொடக் கூடாதவை என்று நான் கருதுபவை மூன்று. வாடிக்கையாளரோடு நேரில் பேசும் ஆட்கள், நிறுவனத்தின் தொழில்நுட்ப அறிவை மனத்தில் சுமந்திருப்பவர்கள், சோதனைகளுக்கென்று ஒதுக்கிய சிறு தொகை. இந்த மூன்றாவது, மொத்தச் செலவில் மிகச் சிறிய பங்காகவே இருக்கும். அதை வெட்டுவதால் கிடைக்கும் மிச்சம் அற்பம், ஆனால் புதிய யோசனைகளுக்கு இனி இங்கே இடமில்லை என்ற செய்தி ஒரே நாளில் எல்லாருக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

நல்ல காலத்தில் யோசனைகளைச் சொன்ன பணியாளர்கள் இப்போது ஏன் மௌனமாகிவிட்டார்கள்?

இந்தப் பக்கத்தில் மிக முக்கியமான கேள்வி இதுவே என்று நினைக்கிறேன். அச்சுறுத்தலைச் சந்திக்கும் தனிமனிதரும் குழுவும் நிறுவனமும் பழகிய வழிகளையே இறுகப் பற்றிக்கொள்கிறார்கள் என்றும், தகவல்களைக் குறைவாகத் திரட்டி, அதிகாரத்தை மேல்மட்டத்தில் குவிக்கிறார்கள் என்றும் பாரி ஸ்டாவும் அவருடைய சகாக்களும் 1981-இல் விளக்கினார்கள். மந்தநிலையில் ஒரு நிறுவனத்துக்குள் இதை அப்படியே காணலாம். முன்பு பிரிவு மேலாளரே தீர்மானித்த சிறு செலவுக்கு இப்போது மூன்று கையெழுத்து வேண்டும். கூட்டங்களில் கேள்விகள் குறைகின்றன. தோற்கக்கூடிய எதிலும் தன் பெயர் இருக்கக் கூடாது என்று ஒவ்வொருவரும் கவனமாக இருக்கிறார்கள். புதிய யோசனை என்பதோ பெரும்பாலும் தோற்கக்கூடிய ஒன்று.

படைப்பாற்றலை நெடுங்காலம் ஆராய்ந்த தெரெசா அமாபைல், ரெஜினா கான்டியுடன் சேர்ந்து, பெரும் ஆட்குறைப்பு நடந்த ஓர் உயர்தொழில்நுட்ப நிறுவனத்தை அதற்கு முன்பும் அதன் நடுவிலும் அதற்குப் பின்பும் கவனித்தார். 1999-இல் வெளியான அந்த ஆய்வின்படி, ஆட்குறைப்பின்போது படைப்பாற்றலும் அதற்குத் துணை நிற்கும் சூழலும் கணிசமாகச் சரிந்தன. பிறகு ஓரளவே மீண்டன. வேலை இழந்தவர்கள் போய்விட்டார்கள், ஆனால் எஞ்சியவர்களின் மனத்தில் அடுத்த சுற்று எப்போது என்ற கேள்வி தங்கிவிட்டது.

டொயோட்டாவின் வரலாற்றை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1950-இல் அந்த நிறுவனம் திவாலின் விளிம்பில் நின்றது, வேலைநிறுத்தம் நடந்தது, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலையை விட்டு விலகினார்கள், அந்த நிலைமைக்குப் பொறுப்பேற்று நிறுவனர் கீச்சிரோ டொயோடா தலைவர் பதவியைத் துறந்தார். அடுத்த ஆண்டே, 1951-இல், பணியாளர்களிடமிருந்து யோசனைகளைப் பெறும் முறை அங்கே தொடங்கப்பட்டது. கொரியப் போரால் வந்த டிரக் ஆர்டர்கள் நிறுவனத்தைக் காப்பாற்றின என்பது உண்மை. யோசனைப் பெட்டி மட்டும் காப்பாற்றியதாகச் சொல்வது மிகை. ஆயினும், பணியாளர்களோடு அவ்வளவு கசப்பு ஏற்பட்ட பின் தலைமையே பொறுப்பேற்று விலகியதும், அதற்குப் பின் தொழிற்சங்கத்தோடு வேலைப் பாதுகாப்பை அடிப்படையாகக் கொண்ட உறவை நிறுவனம் வளர்த்ததும் இல்லாமல் அந்த முறை பல பத்தாண்டுகள் உயிரோடு நின்றிருக்காது என்பது என் கணிப்பு.

அப்படியானால் மேலாளர் நாளை காலை செய்யக்கூடியது என்ன?

நிறுவனத்தின் உண்மை நிலையை எண்களோடு சொல்லலாம். மறைக்கப்படும் நிலைமையைப் பணியாளர்கள் உண்மையைவிட மோசமாகவே கற்பனை செய்துகொள்வார்கள். தன் யோசனையால் ஒரு வேலைப் படி தேவையற்றுப் போனால், யோசனை சொன்னவரும் அந்தப் படியில் வேலை செய்தவர்களும் அதன் காரணமாக வேலை இழக்க மாட்டார்கள் என்று எழுத்தில் உறுதி தரலாம். வரும் ஒவ்வொரு யோசனைக்கும் ஒரு குறிப்பிட்ட காலத்துக்குள், எடுத்துக்காட்டாக இரண்டு வாரத்துக்குள், காரணத்தோடு பதில் சொல்லலாம். மறுப்பு யாரையும் பெரிதாகப் புண்படுத்துவதில்லை. பதிலே வராததுதான் மக்களை மௌனமாக்குகிறது. தோற்றுப்போன ஒரு சோதனையைப் பற்றி மேலாளரே கூட்டத்தில் எடுத்துப் பேசி, அதை நடத்தியவருக்கு நன்றி சொல்வது, எத்தனை சுற்றறிக்கைகள் அனுப்பினாலும் கிடைக்காத பலனைத் தரும்.

ஆட்குறைப்பைத் தவிர்க்கவே முடியாத நிலை வந்தால்?

அதற்கு முன் வேலை நேரத்தைப் பகிர்ந்துகொள்ளும் வழியை உண்மையாகவே ஆராய வேண்டும். 1930 டிசம்பரில் கெல்லாக் நிறுவனம் தன் ஆலையில் மூன்று எட்டு மணி நேர ஷிப்டுகளை நான்கு ஆறு மணி நேர ஷிப்டுகளாக மாற்றி, கூடுதல் ஆட்களுக்கு வேலை கொடுத்தது. 2009-இல் ஜெர்மனியில் குறுகிய நேர வேலைத் திட்டத்தின்கீழ், வேலை நேரம் குறைந்ததால் ஏற்பட்ட ஊதிய இழப்பின் ஒரு பகுதியை அரசு ஈடுசெய்தது. உச்சத்தில் 14 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் இருந்தார்கள். உற்பத்தி கடுமையாகச் சரிந்தும் அங்கே வேலையின்மை சிறிதளவே உயர்ந்தது. ஆர்டர்கள் திரும்பியபோது, பயிற்சி பெற்ற அதே ஆட்கள் அதே இயந்திரங்களின் முன் இருந்தார்கள்.

அதுவும் இயலாதென்றால், குறைப்பை ஒரே முறையில், வெளிப்படையான அளவுகோலோடு, போகிறவர்களுக்கு மரியாதையோடு செய்து முடிக்க வேண்டும். அமாபைலின் ஆய்வில் மனநிலையைக் கெடுத்தவற்றுள் ஒன்று, இனியும் குறைப்பு வரும் என்ற எதிர்பார்ப்பு. மாதத்துக்குச் சிலர் என்று நீளும் குறைப்பு அந்த எதிர்பார்ப்பை நிரந்தரமாக்கிவிடுகிறது.

நெருக்கடியும் காலக்கெடுவும் மூளையைக் கூர்மையாக்காதா?

அபூர்வமாகவே அப்படி நடக்கிறது. ஏழு நிறுவனங்களைச் சேர்ந்த 177 பேர் தினமும் எழுதிய 9,000-க்கும் மேற்பட்ட நாட்குறிப்புகளை அமாபைலின் குழு ஆராய்ந்தபோது, கடும் கால அழுத்தம் இருந்த நாட்களில் மக்கள் படைப்பாற்றலோடு சிந்திப்பது குறைந்ததையும், அந்தக் குறைவு அடுத்தடுத்த நாட்களுக்கும் நீடித்ததையும் கண்டது. விதிவிலக்கு ஒன்று இருந்தது. செய்யும் வேலை உண்மையிலேயே முக்கியமானது என்று நம்பி, இடையூறின்றி அந்த ஒன்றில் மட்டும் கவனம் செலுத்த முடிந்தவர்கள் அழுத்தத்திலும் நன்றாகச் சிந்தித்தார்கள். ஆட்கள் குறைந்த அலுவலகத்தில் மூன்று பேரின் வேலையைத் தூக்கிக்கொண்டு ஓடுபவருக்கு அந்த வாய்ப்பே இல்லை. ஆகவே அவருடைய வேலைப் பட்டியலிலிருந்து எதையாவது எடுக்காமல், புதிதாகச் சிந்தியுங்கள் என்று அவரிடம் சொல்வதில் பொருள் இல்லை.

பணம் இல்லாமல் சோதனைகளை எப்படி நடத்துவது?

முதலில், எந்த ஐயத்தைத் தீர்க்க இந்தச் சோதனை என்பதை ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டும். "புதிய சேவையைத் தொடங்கிப் பார்ப்போம்" என்பது சோதனை ஆகாது. "இப்போது வாங்கிக்கொண்டிருப்பவர்களில் பத்தில் மூன்று பேராவது பழுதுபார்க்கும் சேவைக்கு முன்பணம் தருவார்களா?" என்பது சோதனை. இப்படி எழுதிவிட்டால், இயந்திரம் வாங்காமலும் ஆள் எடுக்காமலும் இருபது வாடிக்கையாளர்களிடம் பேசியே பாதி விடையைப் பெற்றுவிடலாம். மீதிப் பாதிக்கு, அந்தச் சேவையை ஒரு வாரம் கையாலேயே செய்து பார்க்கலாம். மென்பொருள் செய்ய வேண்டிய வேலையை ஒருவர் தாளும் தொலைபேசியும் கொண்டு செய்தால் அழகாக இராது, ஆனால் வாங்குபவர் இருக்கிறாரா என்பது தெரிந்துவிடும்.

அடுத்து, இழக்கத் தயாராக உள்ள அதிகபட்சத் தொகையையும், முடிவெடுக்கும் தேதியையும், முடிவெடுக்கும் ஒரே ஒருவரின் பெயரையும் தொடக்கத்திலேயே குறித்துவிட வேண்டும். நல்ல காலத்தில் இந்த மூன்றும் இல்லாமலேயே முயற்சிகள் ஓடும், ஏனென்றால் அவற்றைத் தாங்க லாபம் இருக்கும். மந்தநிலையில் முடிவெடுக்கப்படாமல் இழுத்துக்கொண்டே போகும் முயற்சிதான் மிக விலையுயர்ந்தது. தொகை சிறியதாகவும் தேதி அருகிலும் இருந்தால், தோல்வி யாருடைய பெயரையும் கெடுக்காத அளவுக்குச் சிறியதாக இருக்கும். அச்சத்தைக் குறைக்க இதைவிட எளிய கருவி எனக்குத் தெரியவில்லை.

மிகுதியான வசதியும் நல்லதல்ல என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். நோரியாவும் குலாட்டியும் 1996-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, நிறுவனத்தில் உபரி வளம் மிகக் குறைவாக இருந்தாலும் மிக அதிகமாக இருந்தாலும் புத்தாக்கம் குறைகிறது என்று காட்டியது. குறைவாக இருந்தால் முயன்று பார்க்க இடமில்லை; அதிகமாக இருந்தால் பலன் தராத முயற்சியை நிறுத்த அவசியமில்லை.

வாடிக்கையாளரிடம் எதைக் கவனிக்க வேண்டும்?

குறைவாக வாங்குகிறார் என்பதோடு நின்றுவிடக் கூடாது. எதை ஒத்திவைக்கிறார், எதைப் பழுதுபார்த்துப் பயன்படுத்துகிறார், எதைப் பார்த்து அஞ்சுகிறார் என்பவற்றில்தான் புதிய தொழிலுக்கான வாய்ப்பு இருக்கிறது.

3எம் நிறுவனத்தின் ரிச்சர்ட் ட்ரூ 1930-இல் உருவாக்கிய ஒளிபுகும் ஒட்டுநாடா, செலோஃபேன் தாளில் பொதியும் உணவுப் பண்டங்களை ஒட்டி மூடுவதற்காகவே செய்யப்பட்டது. பெருமந்தத்தில் புதிதாக வாங்க முடியாத மக்கள், கிழிந்த புத்தகங்களையும் காகிதங்களையும் உடைந்த பொருட்களையும் ஒட்டிச் சரிசெய்ய அதை வாங்கத் தொடங்கினார்கள். நிறுவனம் நினைத்த வாடிக்கையாளர் வேறு, வந்த வாடிக்கையாளர் வேறு. நாடாவின் நுனியைத் தேடிப் பிரித்து வெட்டுவது தொல்லையாக இருந்ததைக் கண்டு, வெட்டும் பல் கொண்ட நாடாத் தாங்கியை 1932-இல் வடிவமைத்தவர் ஜான் போர்டன் என்ற விற்பனை மேலாளர். ஆய்வகத்துக்கு வெளியே இருந்தவர், ஆனால் வாங்குபவரின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தவர். விற்பனைப் பிரிவை முதலில் குறைக்கும் நிறுவனங்கள் இப்படிப்பட்ட கண்களைத்தான் இழக்கின்றன.

அச்சத்தைக் கவனித்ததற்கு ஹூண்டாய் நல்ல எடுத்துக்காட்டு. 2009 ஜனவரியில் அமெரிக்காவில் கார் விற்பனை முடங்கியிருந்தபோது, வாங்கிய ஓராண்டுக்குள் வேலை இழந்தால் காரைத் திருப்பித் தரலாம் என்று அது அறிவித்தது. மற்றவர்கள் தள்ளுபடியை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இவர்களோ, மக்களைத் தடுப்பது விலையைவிட நாளை சம்பளம் வருமா என்ற கவலை என்று புரிந்துகொண்டார்கள். திருப்பித் தந்தவர்கள் மிகச் சிலரே. அந்த ஆண்டு அமெரிக்கச் சந்தை மொத்தமாக ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கியபோதும் ஹூண்டாயின் விற்பனை உயர்ந்தது.

புத்தாக்கம் என்றால் புதிய தொழில்நுட்பம்தானே?

இல்லை. மேலே சொன்ன கார் எடுத்துக்காட்டில் காரில் ஒரு திருகுகூட மாறவில்லை. விற்கும் நிபந்தனை மட்டுமே மாறியது. 1933-இல் புராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் தன் சோப்புத் தூளை விளம்பரப்படுத்த வானொலித் தொடர் நாடகத்தைக் கையாண்டதும் அப்படித்தான். பொருள் பழையது, மக்களைச் சென்றடைந்த வழி புதியது. பணம் செலுத்தும் முறை, பொருள் போய்ச் சேரும் விதம், பொதியின் அளவு, உத்தரவாதம், வாடகைக்கு விடுவது போன்றவற்றில் செய்யும் மாற்றங்களுக்கு மூலதனம் குறைவாகவே தேவைப்படுகிறது என்பதால், மந்தநிலையில் அவற்றையே முதலில் தேடுவது நல்லது.

விலையைக் குறைத்தால் போதாதா?

சில வாரங்களுக்குப் போதும். போட்டியாளரும் குறைத்த பிறகு எல்லாருடைய லாபவிகிதமும் சரிந்திருக்கும், விற்பனை பழைய இடத்திலேயே நிற்கும். எளிமையாக்கப்பட்ட ஒரு புதிய வகையைக் குறைந்த விலைக்குத் தருவது வேறு. இருக்கும் பொருளின் விலையை அப்படியே வெட்டுவது வேறு. முன்னதில் வாடிக்கையாளருக்கு எது உண்மையில் வேண்டும் என்ற கேள்வியாவது கேட்கப்படுகிறது.

மந்தநிலையில் புதிய தொழில் தொடங்கலாமா?

பலர் தொடங்கியிருக்கிறார்கள். டென்மார்க்கின் பிலுண்ட் ஊரில் தச்சு வேலை செய்துவந்த ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன், வீடு கட்டுவோரின் ஆர்டர்கள் நின்றுபோனதால் 1932-இல் மரத்தால் சிறு பொருட்களையும் பொம்மைகளையும் செய்யத் தொடங்கினார். அது லெகோ நிறுவனமாக வளர்ந்தது. இன்று நமக்குத் தெரிந்த லெகோ கட்டை வந்தது 1958-இல். வீட்டு அறைகளைப் பயணிகளுக்கு வாடகைக்கு விட உதவும் ஏர்பிஎன்பி, 2008-இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கியபோது, அதன் நிறுவனர்களே வாடகை கட்டச் சிரமப்பட்டவர்கள். கூடுதல் வருமானம் தேடிய வீட்டுக்காரர்களும் மலிவான தங்குமிடம் தேடிய பயணிகளும் அதற்குக் கிடைத்தார்கள்.

ஆட்கள் கிடைப்பது எளிது, வாடகையும் பழைய இயந்திரங்களின் விலையும் குறைவு, பெரிய நிறுவனங்கள் தங்கள் கவலையில் மூழ்கியிருக்கும் என்பவை சாதகங்கள். முதலீட்டாளர் கிடைப்பது கடினம், வாடிக்கையாளர் தயங்குவார் என்பவை பாதகங்கள். இவற்றை எடைபோட்டு என் பரிந்துரை இதுதான்: முதல் மாதத்திலிருந்தே யாராவது பணம் கொடுத்து வாங்கக்கூடிய தொழிலென்றால் தொடங்கலாம், பல ஆண்டுகள் வெளி முதலீட்டையே நம்பி வளர வேண்டிய தொழிலென்றால் அந்த முதலீடு எழுத்தில் உறுதியான பிறகே வேலையை விடலாம். குடும்பத்தின் கடைசிச் சேமிப்பைப் போட்டுத் தொடங்கச் சொல்லும் அறிவுரையை யார் கொடுத்தாலும் ஏற்க வேண்டாம்.

அரசு என்ன செய்ய முடியும்?

நிறுவனங்கள் ஆராய்ச்சியைக் குறைக்கும் அதே நேரத்தில் அரசும் குறைத்தால் இழப்பு இரட்டிப்பாகும். பின்லாந்தில் 1990-க்கும் 1993-க்கும் இடையே பொருளாதாரம் 10 சதவீதத்துக்கும் மேல் சுருங்கியது, சோவியத் ஒன்றியத்துடனான வணிகம் நொறுங்கியது, வங்கிகள் தடுமாறின. பல செலவுகளை வெட்டிய அந்த அரசு, தொழில்நுட்ப ஆராய்ச்சிக்கான நிதியை மட்டும் தொடர்ந்து உயர்த்தியது. 1990-இல் நாட்டின் மொத்த உற்பத்தியில் சுமார் 2 சதவீதமாக இருந்த ஆராய்ச்சிச் செலவு, அந்தப் பத்தாண்டின் முடிவில் 3 சதவீதத்தைத் தாண்டியது. நோக்கியா 1992-இல் ரப்பர், கேபிள் போன்ற பழைய தொழில்களைக் கைவிட்டுத் தொலைத்தொடர்பில் கவனம் குவித்தது இதே காலத்தில்தான். ஒரே நிறுவனத்தின்மேல் நாடு அவ்வளவு சார்ந்திருந்ததற்குப் பின்னாளில் விலை கொடுக்க நேர்ந்ததும் இந்த வரலாற்றின் பகுதியே.

அமெரிக்காவில் 1982-இல், கடும் மந்தநிலையின் நடுவே இயற்றப்பட்ட ஒரு சட்டம், பெரிய ஆராய்ச்சி நிதி கொண்ட அரசுத் துறைகள் அதில் ஒரு பங்கைச் சிறு நிறுவனங்களுக்கு ஒதுக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. கைபேசித் தொழில்நுட்ப நிறுவனமான குவால்காம் தன் தொடக்க காலத்தில் இந்த நிதியைப் பெற்ற நிறுவனங்களுள் ஒன்று. கடன் கிடைக்காததுதான் சிறு நிறுவனங்களின் ஆராய்ச்சியை நிறுத்துகிறது என்று ஆய்வுகள் காட்டும்போது, வரிச் சலுகையைவிட நேரடி நிதியும், அரசே முதல் வாடிக்கையாளராக இருப்பதும், வேலை முடித்துப் பில் கொடுத்தவர்களுக்கு அரசு தாமதமின்றிப் பணம் தருவதும் அதிகம் உதவும். லாபமே இல்லாத நிறுவனத்துக்கு வரிச் சலுகையால் உடனடிப் பயன் குறைவு.

எல்லாவற்றையும் பணயம் வைத்து வென்றவர்கள் இருக்கிறார்களே?

இருக்கிறார்கள். ஐபிஎம் நிறுவனத்தின் தாமஸ் வாட்சன் பெருமந்தத்தில் வாங்க ஆளில்லாதபோதும் ஆலைகளை ஓட்டி, தகவல்களை அட்டைத் துளைகளாகப் பதிந்து கணக்கிடும் துளை அட்டை இயந்திரங்களையும் உதிரிப் பாகங்களையும் குவித்துக்கொண்டே போனார். 1935-இல் அமெரிக்காவில் முதியோர் ஓய்வூதியம் போன்றவற்றுக்கான சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2 கோடியே 60 லட்சம் பேரின் பணிப் பதிவுகளைக் கையாள இயந்திரங்கள் தேவைப்பட்டன. உடனே தரக்கூடிய நிலையில் ஐபிஎம் இருந்தது. ஆனால் அந்தச் சட்டம் இன்னும் சில ஆண்டுகள் தாமதித்திருந்தால் அதே துணிச்சல் நிறுவனத்தையே கவிழ்த்திருக்கக்கூடும். வாட்சனைப் பின்பற்ற விரும்புவோர் அவருடைய கிடங்கைப் பின்பற்ற வேண்டியதில்லை. ஆட்களையும் அவர்களுடைய திறமையையும் அவர் கலைத்துவிடவில்லை என்பதையே பின்பற்றலாம்.

பலன் தெரிய எவ்வளவு காலம் ஆகும்?

விற்கும் முறையில் செய்யும் மாற்றம் சில வாரங்களில் பலன் காட்டும். புதிய பொருளுக்கு ஒன்றிரண்டு ஆண்டுகள் ஆகலாம். அடிப்படை ஆராய்ச்சிக்கு மிகவும் அதிகம்: டியூபான்ட் 1927-இல் அடிப்படை ஆராய்ச்சிக்கு நிதி ஒதுக்கி, 1928-இல் வேதியியலாளர் வாலஸ் கரோதர்ஸை வேலைக்கு எடுத்தது; நைலான் 1935-இல் உருவாகி, 1938-இல் அறிவிக்கப்பட்டு, நாடு முழுவதும் நைலான் காலுறைகளாகக் கடைகளுக்கு வந்தது 1940 மே மாதத்தில். பெருமந்தத்தின் மிக மோசமான ஆண்டுகள் அந்த இடைவெளிக்குள் அடங்கிவிட்டன. ஆகவே விற்பனை எண்ணிக்கையால் மட்டும் எல்லா முயற்சிகளையும் அளக்கக் கூடாது. தொடக்க நிலையில், எத்தனை ஐயங்கள் தீர்ந்தன, எத்தனை முயற்சிகள் குறித்த தேதியில் நிறுத்தப்பட்டன, யோசனை சொன்னவர்களில் எத்தனை பேர் இரண்டாம் முறையும் சொன்னார்கள் என்று பாருங்கள். இந்த மூன்றில் கடைசி எண்ணையே நான் அதிகம் நம்புகிறேன்.

மந்தநிலை விலகும் அறிகுறிகள் தெரியும்போது முதலில் என்ன செய்ய வேண்டும்?

மூலப்பொருளுக்கும் பயிற்சி பெற்ற ஆட்களுக்கும் போட்டி தொடங்குவதற்கு முன்பே, சோதனையில் தேறிய ஒன்றிரண்டு முயற்சிகளைத் தேர்ந்து அவற்றைப் பெரிதாக்கும் திட்டத்தைத் தயாராக வைத்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பெரிதாக்கும் ஆசைக்கு இடம் கொடுக்கக் கூடாது. ஆர்டர்கள் திரும்பும் காலத்தில் உற்பத்திக்கான முதலீடு முன்னதாகவும் வாடிக்கையாளரின் பணம் பின்னதாகவும் வருவதால், மந்தநிலையைத் தாண்டிய நிறுவனங்கள்கூட மீட்சியின் தொடக்கத்தில் ரொக்கம் இல்லாமல் சிக்கிக்கொள்கின்றன.

அதோடு, மந்தநிலையில் சம்பளக் குறைப்பையோ வேலை நேரக் குறைப்பையோ பணியாளர்கள் ஏற்றிருந்தால், லாபம் திரும்பும் முதல் காலாண்டிலேயே அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். பங்குதாரர்களுக்கான லாபப் பங்கு அதற்குப் பின்னரே வரட்டும். வேலைச் சந்தை திறக்கும்போது முதலில் வெளியேறக்கூடியவர்கள், வேறிடத்திலும் எளிதாக வேலை கிடைக்கும் திறமையாளர்கள்தாம். சோதனைகளை நடத்தி, எது வெல்லும், எது தோற்கும் என்று கற்றுக்கொண்டவர்களும் பெரும்பாலும் அவர்களே.